மாடு தீனி எடுக்கவில்லை, ஆடு கழிகிறது, கோழி தூங்கி விழுகிறது: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

இரண்டு கறவை மாடு, பத்துப் பதினைந்து வெள்ளாடு, வாசலில் கொஞ்சம் நாட்டுக்கோழி. காங்கேயம், தாராபுரம் பக்கம் பெரும்பாலான தோட்டங்களில் இருப்பது இவ்வளவுதான். இவற்றுக்கு வரும் கோளாறுகளும் ஏறக்குறைய அதேதான், வருஷா வருஷம் திரும்பி வரும். கட்டுத்தரையில் நின்றபடியே பார்க்கும் வகையில் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில்.

எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். டாக்டருக்குப் போன் செய்தாலும் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

காய்ச்சல்: மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்து, குடல் சுவரில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். சாணிக்குள் குத்தி நின்றால் தப்பான அளவு காட்டும். மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட், ஆட்டுக்கு 102 முதல் 103.5 வரை சரி. வெயிலில் கட்டியிருந்த மாட்டை நிழலுக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துப் பார்க்கவும்.

வயிறு: மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் பசிக்குழியில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். உள்ளே வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. ஒருமுறைகூட இல்லையென்றால் வயிறு நின்றுவிட்டது.

சாணி: இறுகலா, தண்ணீரா, சளியோ இரத்தமோ கலந்திருக்கிறதா, முழுத் தானியம் வருகிறதா.

அசை: படுத்திருக்கும்போது அசை போடுகிறதா. நன்றாக இருக்கும் மாடு ஒரு கவளத்தை 40 முதல் 60 தடவை மெல்லும்.

இன்னொரு விஷயம். நோயைவிட மருந்து புகட்டும் விதத்தில் மாடு சாவது நம் ஊர்களில் அதிகம் என்றே சொல்வேன். தலையை மேலே தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு கொட்டத்தில் (மருந்து புகட்டும் மூங்கில் குழாய்) ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். இரண்டு மூன்று நாளில் மூச்சிரைப்பு வரும், அதற்கப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். தலை முதுகு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. நாக்கு வாய்க்குள் இருக்க வேண்டும். கடைவாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த வாய். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். படுத்த மாட்டுக்கும் மயக்கமாக இருக்கும் மாட்டுக்கும் வாய் வழியாக எதுவும் வேண்டாம்.

## மாடு தீனி எடுக்கவில்லை

காய்ச்சல் இல்லை, வயிறு அசைகிறது

முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பாசி பிடித்ததோ, கோழி எச்சம் விழுந்ததோ, வெயிலில் சூடானதோ இருந்தால் மாடு குடிக்காது. குடிக்காத மாடு தின்னாது. கோடையில் கறவைக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் வேண்டும்.

அடுத்து தீனி. புண்ணாக்கு மூட்டை மாறியதா, தவிட்டில் பூசண வாடை வருகிறதா, மழையில் நனைந்த வைக்கோலா என்று ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைக் காய வைத்தும் கொடுக்கக் கூடாது, நஞ்சு அதிலேயே இருக்கும். தீனியை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும்.

சித்திரை வைகாசி வெயிலில் கலப்பின மாடு மதியம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தின்னாமல் நிற்கும். அது நோயில்லை, சூடு. வேலமர நிழலில் கட்டி, மேலே தண்ணீர் தெளித்து, தீனியை விடியலிலும் இருட்டிய பிறகும் போடுங்கள்.

கலப்புத் தீவனத்தை ஒதுக்குகிறது, சோளத்தட்டு மட்டும் கடிக்கிறது

கன்று போட்டு ஆறு வாரத்துக்குள் இருக்கும், நல்ல கறவையாகவும் இருக்கும். மாடு சட்டென்று இளைக்கும், மூச்சில் அழுகின பழம் மாதிரி வாடை வரும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்து போனது காரணம். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் தேறிவிடும். வாய் வழியாக வெல்லத் தண்ணீர் ஊற்றி நாளைக் கடத்த வேண்டாம்.

காய்ச்சல் 103க்கு மேல்

உடம்பில் உண்ணி தேடுங்கள்: காதுக்குள், மடியோரம், வாலடி. உண்ணியோடு காய்ச்சல், கழுத்திலோ தோள் முன்னாலோ நெறிகட்டு, வெளுத்த கண், இல்லையென்றால் காபி நிறத்தில் மூத்திரம் இருந்தால் உண்ணிக் காய்ச்சல்தான். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இரத்தம் அழிந்துகொண்டே போகும். தோலில் உருண்டை உருண்டையாகக் கழலை கிளம்பியிருந்தால் மாட்டுக்கு வரும் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய். மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டி, ஈ கொசு அண்டாமல் வேப்பிலைப் புகை போட்டு, டாக்டருக்குச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் அரைகுறையாகத் தின்கிறது

முதுகை வளைத்து நிற்கும், முழங்கையை வெளியே விரித்து வைக்கும், சரிவில் இறங்கத் தயங்கும், எழும்போது முனகும். கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம். வீடு கட்டின இடத்துப் பக்கத்தில் மேய்ந்த மாடு, வேலிக் கம்பி கலந்த தட்டைத் தின்ற மாடு என்றால் சந்தேகம் இன்னும் பலம். இதற்குக் கைமருந்து கிடையாது. படம் எடுத்து, தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவார்கள்.

## இடது வயிறு உப்பியிருக்கிறது

இதில் மட்டும் நிமிடங்கள் முக்கியம்.

உப்பல் இருக்கிறது, ஆனால் மாடு நடக்கிறது, மூச்சு சரியாக இருக்கிறது

மழைக்குப் பின் முளைத்த பசும்புல், குதிரைமசால், தட்டைப்பயறு இப்படி எதையாவது வெறும் வயிற்றில் தின்றிருக்கும். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு குச்சியைக் கடிவாளம் போல வாயில் குறுக்கே கட்டினால் மென்றுகொண்டே இருக்கும், ஏப்பம் வரும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாட்டுக்கு 250 மில்லி, ஆட்டுக்கு 30 முதல் 50 மில்லி, மேலே சொன்ன மாதிரி மெதுவாகப் புகட்டவும். உள்ளே நுரையாக இருக்கும் காற்றை எண்ணெய் உடைக்கும். அரை மணி நேரத்தில் குறையத் தொடங்க வேண்டும்.

தட்டினால் தம்பட்டம் போலச் சத்தம், நாக்கை நீட்டி மூச்சுக்குத் தவிக்கிறது

எண்ணெய் வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. உடனே டாக்டர். 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வயிற்றில் துளை போட்டுக் காற்றை எடுக்கும் வேலையை அவர்கள்தான் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

உப்பலோடு எச்சிலும் ஒழுகுகிறது, கழுத்தை நீட்டுகிறது

தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு, மாங்கொட்டை, சோளக்கருது இப்படி. கழுத்தின் இடது பக்கம் தடவினால் கட்டி தட்டுப்படலாம். எண்ணெய், தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். குச்சி விட்டுத் தள்ளவும் கூடாது. டாக்டர் வரட்டும்.

சோறோ தானியமோ நிறையத் தின்றிருக்கிறது

கல்யாண வீட்டு மீதிச் சோறு, பொங்கலன்று ஆசையாக ஊட்டின பொங்கல், அவிழ்த்துக்கொண்டு போய் அம்பாரத்தில் தின்ற சோளம். வயிறு கல்லாகவோ தண்ணீர்ப் பை போலவோ இருக்கும். புளித்த வாடையோடு கழியும், தள்ளாடும், கண் குழி விழும். வயிறு புளித்துவிட்டது. தின்றது தெரிந்த உடனே, மாடு தெம்பாக நிற்கும்போதே, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு 100 கிராம், ஆட்டுக்கு 10 முதல் 15 கிராம் கொடுக்கலாம். தானியத்தையெல்லாம் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். தள்ளாட ஆரம்பித்துவிட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது. நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். ஆடு ஒரே இரவில் செத்துவிடும்.

## பால் குறைந்துவிட்டது, மடி வீங்கியிருக்கிறது

நான்கு காம்பிலும் சமமாகக் குறைந்திருக்கிறது, பால் சுத்தமாக இருக்கிறது

மடியில் கோளாறு இல்லை. தண்ணீர், வெயில், தீனி, கறக்கிற ஆள் மாறியது, பருவத்துக்கு வந்தது, இந்த ஐந்தில் ஒன்று. உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கலப்புத் தீவனக் கணக்கைச் சரிபாருங்கள். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் போகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு காம்பில் மட்டும் குறைவு, அல்லது பாலில் திரி (திரிந்த கட்டி)

எல்லாக் காம்பிலும் முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியில் பீச்சுங்கள். திரியோ தண்ணீரோ தெரிந்தால் மடிநோய். அந்தக் காம்பைக் கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் கறந்து, குழி தோண்டி ஊற்றவும். கட்டுத்தரையில் பீச்சிவிட்டால் அடுத்த மாட்டுக்கும் வரும்.

தொடக்கத்திலேயே பிடித்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் மூலிகைப் பூச்சு நன்றாகக் கேட்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். மடியைக் கழுவி, பாலைக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவவும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். பத்துத் தடவையா என்று எல்லோரும் கேட்பார்கள். காலையும் மாலையும் மட்டும் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரைக்கவும்.

டாக்டரைக் கூப்பிட வேண்டிய கட்டம்

காய்ச்சல், தீனி எடுக்காமை, பாலில் இரத்தம் அல்லது சீழ் இருந்தால், அல்லது பூச்சுப் போட்டும் ஒரே நாளில் வீக்கம் கூடினால். மடி குளிர்ந்து நீலமோ கறுப்போ தட்டினால் அந்த மணி நேரத்திலேயே. அப்போது காப்பாற்றப் பார்ப்பது மடியை அல்ல, மாட்டை. ஊசி போட்டால் எத்தனை நாளைக்குப் பால் ஊற்றக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு அதன்படி நடக்கவும். அந்தப் பாலைக் குடிப்பது யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை.

திரும்பத் திரும்ப வந்தால் கறந்தவுடன் தீனி போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு நின்றுகொண்டிருந்தால் சாணியில் மடி படாது.

## கன்று போட்ட மாடு எழவில்லை

கன்று போட்டு மூன்று நாளுக்குள், காது தொட்டால் சில்லென்று இருக்கிறது, காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர் 100க்குக் கீழே காட்டுகிறது, தலையை வயிற்றுப் பக்கம் மடித்து வைத்துப் படுத்திருக்கிறது. இது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது. டாக்டர் நரம்பில் கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினால், செத்துவிடும் என்று நினைத்த மாடு பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் பாட்டில் வாங்கி வந்து தாங்களே ஏற்ற யாரும் முயல வேண்டாம்.

டாக்டர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சாய விடாதீர்கள். வைக்கோல் நிரப்பின சாக்கை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நெஞ்சு தரையில் இருக்கும்படி உட்கார வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவும். எழுந்த பிறகு இரண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.

நஞ்சுக்கொடி விழவில்லை

12 மணி நேரம் வரை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். கல்லோ செருப்போ கட்டித் தொங்க விடுவது, கையால் இழுப்பது இரண்டும் கருப்பையைக் கிழிக்கும், மாடு அடுத்த சினை பிடிக்காது. வாடையும் காய்ச்சலும் சேர்ந்தால் பொழுது விடியக் காத்திருக்க வேண்டாம்.

## வாயில் எச்சில் ஒழுகுகிறது

வாயில் கையை விடுவதற்கு முன் ஒரு கேள்வி: அண்மையில் நாய் கடித்ததா, அல்லது மாட்டின் குரல் மாறி, காரணமில்லாமல் கத்தி, முட்ட வருகிறதா? ஆம் என்றால் வெறிநோயாக இருக்கலாம். கிட்டப் போகாதீர்கள். கயிற்றைத் தூரத்தில் கட்டி, டாக்டருக்குச் சொல்லுங்கள். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும். வெறிநோய் வந்தபின் மருந்தே கிடையாது, மாட்டுக்கும் மனிதனுக்கும்.

அது இல்லையென்று தெரிந்த பிறகு, நாக்கிலும் ஈற்றிலும் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண், நொண்டல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோமாரி. வாயை உப்புத் தண்ணீரில் கழுவி, குளம்புப் புண்ணில் புழு வைக்காமல் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடவும். கஞ்சி, இளம்புல் மாதிரி மென்மையான தீனி கொடுங்கள். கோமாரி வந்த மாட்டின் பாலைக் கன்று குடித்தால் கன்று திடீரென்று செத்துவிடும், ஆகவே கன்றைப் பிரித்துவிடவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே தடுப்பூசி போடுகிறது, முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள்.

## ஆடு கழிகிறது

ஒன்றிரண்டு மட்டும், தெம்பாக இருக்கிறது

புதுப்புல்லோ சோறோ தின்றிருக்கும். ஒரு நாள் உலர்ந்த கடலைக்கொடி, வேலங்காய், கருவேல இலை போடுங்கள். ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து அடிக்கடி கொடுங்கள். குட்டிக்கு இது மிகவும் அவசியம். குட்டி கழிச்சலில் சாவதில்லை, தண்ணீர் வற்றித்தான் சாகிறது.

இளைக்கிறது, முடி சிலிர்த்திருக்கிறது

கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். சிவப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. தாடைக்கடியில் பைபோல வீங்கி, காலையில் குறைந்து மேய்ந்து வந்ததும் கூடினால் அதுவும் புழுதான், நத்தை இருக்கும் குட்டையில் தண்ணீர் குடித்த ஆடு என்றால் கல்லீரல் தட்டைப்புழுவாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. கொஞ்சம் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக் கால்நடை மருந்தகத்தில் காட்டினால் எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள். எடைக்குத் தகுந்த அளவு மருந்து வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். சினையின் தொடக்கத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது.

கழிச்சலோடு காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கெட்ட வாடை, ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கிறது

ஆட்டுக்கொல்லி நோய். இது பட்டியையே காலி செய்யும். நோய் கண்டதைத் தனியாகக் கட்டிவிட்டு அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். சந்தையில் வாங்கின ஆட்டோடுதான் பெரும்பாலும் வருகிறது, அதனால் புது ஆட்டை மூன்று வாரம் தள்ளிக் கட்டிவிட்டு அப்புறம் சேர்க்கவும். ஒருமுறை தடுப்பூசி போட்டால் மூன்று வருஷம் தாங்கும்.

பட்டியிலேயே கொழுத்த குட்டி துள்ளி விழுந்து சாகிறது

மழைக்குப் பின் இளம்புல் மேய்ந்த நாட்களில் இப்படியானால் துள்ளுமாரி. விழுந்த குட்டி பிழைப்பது அரிது. மீதிக் குட்டிகளுக்கு உடனே மேய்ச்சலைக் குறைத்து, டாக்டரைக் கேட்டுத் தடுப்பூசி போடுங்கள். அடுத்த வருஷம் மழைக்கு முன்பே போடவும்.

## கோழி தூங்கி விழுகிறது

வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல், சிலதுக்குக் கழுத்து முறுக்கல் என்றால் வெள்ளைக் கழிச்சல். வந்த கோழிக்கு மருந்தில்லை. செத்ததைக் குப்பைமேட்டில் எறியாமல் ஆழமாகப் புதைக்கவும். தடுப்பூசிதான் வழி: குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்து வந்து, கலக்கின கையோடு போட்டு முடிக்க வேண்டும், வெயில் பட்டால் வெறும் தண்ணீர்தான்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் இரத்தக் கழிச்சல். கூண்டின் ஈரத்தை எடுத்து உலர்ந்த உமி பரப்புங்கள், தண்ணீரில் கலக்கும் மருந்து மருந்தகத்தில் கிடைக்கும். கொண்டையில் கொப்புளம் என்றால் அம்மை, கொசு பரப்புவது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவினால் பெரும்பாலும் ஆறிவிடும். கழிச்சல் இல்லாமல் வெளுத்து இளைத்தால் இரவில் கூண்டுக்குள் டார்ச் அடித்து இடுக்குகளில் செல் (இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி) இருக்கிறதா பாருங்கள். ஓரிரு நாளில் கும்பலாகச் செத்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லவும், அறுத்துத் தின்ன வேண்டாம்.

## திடீரென்று செத்துக் கிடக்கிறது

சோளக்காட்டில் மேய்ந்த கொஞ்ச நேரத்தில் விழுந்தது

பூ எடுக்காத இளஞ்சோளம், அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பு, வறட்சியில் வாடின பயிர், மரவள்ளி இலை இவற்றில் சயனைடு நஞ்சு இருக்கும். மாடு மூச்சுக்குத் தவிக்கும், நடுங்கும், ஈறு பளிச்சென்று சிவந்திருக்கும். இன்னும் உயிரோடு இருக்கும் மாடுகளை உடனே காட்டைவிட்டு ஓட்டி, டாக்டரிடம் “சோளம் தின்றது” என்று போனிலேயே சொல்லுங்கள். அதற்கென்று முறிவு ஊசி இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருவார். சோளத்தட்டைப் பூ எடுத்தபின் அறுத்து, காய வைத்துப் போட்டால் இந்தப் பயம் குறையும்.

மூக்கு, வாய், ஆசனவாயில் கறுப்பாக உறையாத இரத்தம், உடல் விறைக்கவில்லை, வயிறு சீக்கிரம் உப்புகிறது

அடைப்பான் நோய் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உரிக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, கறி பங்கு போடவே கூடாது. மனிதருக்கும் தொற்றும். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டுக் காலம் கிடக்கும். நாய், காக்கை அண்டாமல் ஆள் நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். காதிலிருந்து சொட்டு இரத்தம் எடுத்து அவர்கள் பார்ப்பார்கள். ஆறடிக்குக் குறையாத குழியில் உடலோடு இரத்தம் சிந்தின மண்ணையும் தின்ற மீதித் தட்டையும் போட்டு, மேலும் கீழும் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கவும். குழி கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்கட்டும். அந்த இடத்தைச் சுற்றி முள் அடைத்துவிட்டு, தொட்டவர்கள் எல்லோரும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொள்ளவும். மீதி மாடுகளுக்கு எப்போது தடுப்பூசி போடலாம் என்பதை வந்த டாக்டரிடமே அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.